அவளுக்கு மட்டும் தெரியாத நாட்கள்

ஒவ்வொரு கல்வியாண்டிலும் ஒரு மணி நேரம் எனக்குப் பிடிக்காத பாடம் ஒன்றை நடத்த வேண்டியிருக்கிறது. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இலக்கியச் சொற்கள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் நாடக முரண்நகை வரும். வகுப்பில் டிராமாட்டிக் ஐரனி என்றுதான் சொல்வோம். கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாத ஒன்று படிக்கிறவருக்குத் தெரிந்திருப்பது. அவ்வளவுதான் விளக்கம். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். சினிமாவிலிருந்து உதாரணம் சொல்வார்கள், சிரிப்பார்கள். நான் எதையோ எழுதுகிற சாக்கில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இதே பாடத்தை இதே ஊரில் மாணவியாக உட்கார்ந்து கேட்டவள் நான். அன்று என் பக்கத்தில் இருந்தவள் பிறகு என் அண்ணனுக்கு மனைவியாக வந்தாள். நாலு பேர் முன்னால் அவளை மதினி என்பேன். தனியாக இருந்தால் ஏட்டிதான், அவளுக்கும் நான் ஏட்டிதான். கல்லூரியில் எங்கள் இருவருக்கும் புத்தகப் பைத்தியம். ஆனால் படிக்கிற விதம் வேறு. நான் வாயைத் திறக்காமல் படிப்பேன். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. கதையில் ஒருத்தி தெரியாமல் ஆபத்துக்குள் போகிறாள் என்றால், "போகாதட்டி, அங்கன அவன் நிக்கான்" என்று பக்கத்தைப் பார்த்துக் கத்துவாள். நூலகத்தில் இருந்து எங்களை ஒரு முறை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

அண்ணன் மஸ்கட்டில் எலக்ட்ரிக்கல் வேலையில் இருந்தான். கட்டடம் கட்டும் இடங்களில் வயரிங் மேற்பார்வை. வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். முதலில் தங்கிய கரு கலைந்துபோனது. இரண்டாவது தங்கி ஏழாம் மாதம் வரை வந்துவிட்டது. இரத்த அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா அவளைப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். வீட்டில் அம்மா, அவள், நான் மூன்று பேர்தான். அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. நல்லது கெட்டதுக்கு எல்லாம் பெரியப்பாதான்.

அந்தப் பெரியப்பா கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் முற்பகல் என் கல்லூரி வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் அந்தப் பக்கமே வந்தவர் இல்லை. வாட்ச்மேன் வந்து சொன்னார். அம்மாவுக்குத்தான் என்னவோ என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தன் வண்டியின் சீட்டில் சாய்ந்தபடி நின்றிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஒங்கண்ணன் போயிட்டானாம்மா. தூக்கத்துலயே. கூட இருக்க பையன் எழுப்பப் போயிருக்கான்."

எனக்கு அழுகை வருவதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் மதினிட்ட இப்ப சொல்லக் கூடாது. டாக்டரம்மாவப் பாத்துட்டுத்தான் வாரேன். இருக்க பிரஷருக்கு, தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்துன்னு சொல்லுதாங்க. அவன் இங்க வந்து சேருற அன்னைக்கு ஆஸ்பத்திரில வச்சுத்தான் சொல்லணுமாம். அது வரைக்கும் மொகத்துல காட்டிராத."

அது தவறு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. மருத்துவம் தெரிந்தவர் சொன்னது, வயிற்றில் பிள்ளை இருந்தது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கழிப்பறையில் போய் அழுது, முகம் கழுவி, வீட்டுக்கு வந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு உள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, இந்நேரத்துக்கே வந்துட்ட?"

"தலவலி."

"கண்ணு செவந்து போயிருக்கு. இங்கன வா."

நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தைலத்தை எடுத்து என் நெற்றியில் தேய்க்கத் தொடங்கினாள். உள்ளி வாசமும் தைல வாசமும் கலந்து வந்தது. "ஒழுங்கா தூங்குனாத்தான. எப்பப் பாத்தாலும் விடைத்தாளத் திருத்திக்கிட்டு" என்று வைதுகொண்டே தேய்த்தாள். அவளுடைய விரல்கள் சூடாக இருந்தன. என் கண்ணில் நீர் வழிந்தது. "எரியுதா? கண்ண மூடிக்கோ" என்றாள்.

தாலி கட்டியவனை இழந்தவள் அவள். ஆறுதல் பெற்றுக்கொண்டிருந்தவள் நான்.

அம்மாவுக்கு அன்று மதியமே சொல்லியாயிற்று. பெரியப்பா அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அங்கேயே அழுது தீர்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்திருக்கிறார். மகனைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு மதியத்தில் அழுகை தீருமா? திரும்பி வந்த அம்மா யாரையும் பார்க்காமல் நேரே அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையில் தூக்குச் சட்டியோடு வந்தாள்.

"மாவு அரைச்சிட்டு வாரேன்."

எங்கள் தெருவைத் தாண்டினால் ஒரு மாவு மில் இருக்கிறது. பெல்ட் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள் போய் நின்று அம்மா அழுதாள். மில்லில் இருந்த பெண் முதல் நாள் ஒன்றும் புரியாமல் பார்த்திருக்கிறாள். விஷயம் தெரிந்த பிறகு, அரைக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் அம்மாவுக்காக மோட்டாரைப் போட்டுவிட்டிருக்கிறாள். அம்மா கோதுமை கொண்டுபோனாள். பிறகு கம்பு. பிறகு பச்சரிசி, உளுந்து, மல்லி, மிளகாய். வீட்டில் இருந்த டப்பாக்கள் எல்லாம் நிறைந்தன.

"அத்தைக்கு என்ன வந்துச்சு? ஊருக்கே மாவு அரைக்காவ" என்று மதினி சிரித்தாள். பிறகு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். "வளைகாப்புக்குப் பலகாரம் செய்யத்தான்போல."

அண்ணன் தினமும் பேசுகிறவன். பேச்சு நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே. பெரியப்பா வந்து, அவனைப் பாலைவனத்துக்குள் புது வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே டவர் இல்லை என்று சொன்னார். ஆபீஸ் போனிலிருந்து தன்னிடம் பேசினானாம். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனிதர். ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"ஒங்ககிட்டப் பேசத் தெரியுது, எங்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியலையாக்கும்" என்று அவளுக்குக் கோபம். ஆனாலும் போனை எடுத்து அவனுக்குக் குரல்செய்தி அனுப்பினாள். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் விழும். அடுத்த டிக் வராது. "டவர் கெடைக்கும்போது மொத்தமா கேக்கட்டும்" என்று தினமும் பேசி வைத்தாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே பேசுவாள். பிள்ளை உதைத்தது, கடம்பூரிலிருந்து யாரோ போளி வாங்கி வந்தது, டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னது. கோபம் இருந்தால் "என்ன, மறந்துபோச்சா?" என்று தொடங்குவாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிடும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். புருசன் பெண்டாட்டி பேசுவதைக் கேட்கக் கூடாது என்று நான் மரியாதையாகப் போவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. கீரைக்காரம்மா காசு வாங்காமல் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டில் டிவி சத்தம் குறைந்துவிட்டது. மதினியின் அம்மா பெரிய பையோடு வந்து இறங்கினார். "நீ என்னம்மா, சொல்லாமக் கொள்ளாம?" என்று கேட்ட மகளிடம், "ஒன்னயப் பாக்கணும்னு தோணுச்சு" என்றார். அது பொய் இல்லை. மகளுக்கு ஒரே சந்தோசம். அத்தை, அம்மா, நாத்தனார் என்று மூன்று பேரும் தன்னையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, "ராணி மாதிரில்லா இருக்கேன்" என்றாள்.

அந்த நாட்களில்தான் புத்தகம் படித்துக் காட்டச் சொன்னாள். படுத்தபடி கையில் பிடித்துப் படிக்க அவளுக்குக் கை வலித்தது. பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிப் போட்டிருந்த ஒரு நாவல், அட்டை போயிருந்தது. கிராமத்தான் ஒருவன் வீடு கட்டுகிற கதை. அந்தப் பக்கம் அணை வரப்போகிறது, ஊரே தண்ணீருக்குள் போகும் என்று முதல் பக்கத்திலேயே படிக்கிற நமக்குச் சொல்லிவிடுவார்கள். அவனுக்கு மட்டும் தெரியாது. கல் பார்ப்பான், மரம் பார்ப்பான், நல்ல நாள் பார்ப்பான். அவன் வீட்டுக்கு அடிக்கடி வருகிற சர்வேயர் ஒருவர் உண்டு. அவருக்கு எல்லாம் தெரியும்.

நான் வாசிக்க வாசிக்க அவளுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"பாவி மட்ட, ஊரே முங்கப் போவுது, இவன் நிலைக்கு வேம்பா தேக்கான்னு பாக்கான். சார் சொல்லிக் குடுத்தாரே, அதாம்ட்டி இது. நமக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியல."

"ம்."

"நிறுத்தாத, வாசி."

வாசித்தேன். சர்வேயர் விருந்து சாப்பிடுகிற இடம் வந்தது. வீட்டுக்காரன் தன் புது வீட்டில் எந்த அறையை யாருக்கு என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருப்பான். சர்வேயர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "நாமளாவது புத்தகத்துக்கு வெளிய இருக்கோம். உள்ள போயா சொல்ல முடியும்? இந்தச் சர்வேயருக்கு என்னட்டி கேடு? எதுத்தாப்புல இருந்து சோறு திங்கான், ஒரு வார்த்த சொல்லுதானா பாரு."

எனக்கு எழுத்துகள் தெரியவில்லை. இருந்தும் வாய் வாசித்துக்கொண்டே போனது. இத்தனை வருசம் படித்ததிலும் சொல்லிக்கொடுத்ததிலும் நான் கவனிக்காத ஒன்றை அவள் ஒரே நொடியில் எடுத்து என் முன் வைத்துவிட்டாள். படிக்கிறவனுக்கும் கதைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதனால்தான் அவனால் பயந்துகொண்டும் சிரித்துக்கொண்டும் படிக்க முடிகிறது. கண்ணாடிக்கு உள்ளே, அதே அறையில், தெரிந்தவனாக உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தப் பெயரும் பாடத்தில் இல்லை.

"ஏன் கொரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தொண்டை கட்டியிருக்கு."

"போதும், வச்சிரு. சுடுதண்ணி குடி."

அதற்கு மேல் அந்த நாவலை நான் திறக்கவில்லை. கடைசியில் சர்வேயர் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் வளையல் பற்றிப் பேச்சு வந்தது. வளைகாப்புக்குப் பச்சையும் சிவப்பும் மாறி மாறி அடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கையை நீட்டி, "வீங்கிப்போச்சு பாரு, என் பழைய அளவு சேராது" என்றாள். அவளுடைய அம்மா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. வெளியே பார்த்தால் வளையல் அளவு பார்ப்பதுபோல இருந்தது.

அண்ணன் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வந்து சேரும் நாள் முடிவானது. அன்று காலை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. டாக்டரம்மா முதலில் அழுத்தம் பார்த்தார், ஊசி போட்டார், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

அவள் அலறவில்லை. டாக்டரம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்ப?" என்றாள்.

டாக்டரம்மா பெரியப்பாவைப் பார்த்தார்.

"இன்னைக்கா? எப்ப?"

பெரியப்பா சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எதையோ தேடினாள். நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு கதையின் கடைசிப் பக்கம் வந்து திருப்பம் தெரிந்ததும் புத்தகத்தை வேகமாகப் பின்னோக்கிப் புரட்டுவாளே, அந்தப் பார்வை. அதன் பிறகுதான் அழத் தொடங்கினாள்.

ஆம்புலன்ஸ் கயத்தாறு தாண்டி உச்சிப்பொழுதில் வந்தது. முந்தைய நாள் மழை. சுடுகாட்டுக்குப் போகும் பாதை கரிசல் தரை, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே போகும். போனவர்கள் கணுக்கால் வரை கறுப்பு மண் அப்பிக்கொண்டு திரும்பி வந்தார்கள். குழாயடியில் எத்தனை தண்ணீர் விட்டும் மண் கழுவிப் போகவில்லை. முற்றம் பல நாள் கறுப்பாகவே கிடந்தது.

அவனுடைய பெட்டி பின்னால் வந்தது. துணிகள், பிள்ளைக்கு என்று வாங்கிய சின்னச் சின்னச் சட்டைகள், போன். அவன் கூட வேலை செய்தவர்களின் எண் வேண்டும் என்று பெரியப்பா கேட்டதால் நான் அந்தப் போனைச் சார்ஜில் போட்டு ஆன் செய்தேன். பூட்டுத் திறக்கிற கோடு எனக்குத் தெரியும். லீவில் வந்தபோது சேர்த்த எங்கள் வீட்டு வைஃபையை அது மறந்திருக்கவில்லை. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு செய்தி வந்து விழும் ஒலி கேட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக, நிற்காமல். என் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லாம் அவளுடைய குரல்செய்திகள்.

உள்ளறைக் கதவு திறந்தது. தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு மதினி வெளியே வந்தாள். அவளுடைய முகத்தில் இருந்ததை நான் எப்படிச் சொல்ல. நடந்தது எல்லாம் தெரிந்தவள்தான். கொள்ளிவைத்துத் திரும்பி வந்தவர்களைப் பார்த்தவள்தான். இருந்தும் அந்த ஒரு நொடி அவளுடைய முகம் மலர்ந்திருந்தது.

"ஏட்டி, அவியளுக்குப் போயிருச்சு. ரெண்டு டிக் விழுந்துருச்சு."

பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்தது. பெண். சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். தேறிவிட்டாள். டாக்டரம்மா சொன்னபடி கேட்டதால்தான் இரண்டு உயிரும் மிஞ்சின என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

கேள்விகள் அதன் பிறகுதான் தொடங்கின. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ, சாதாரணமாகக் கேட்பாள்.

"தைலம் தேச்சு விட்டேனே, அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கீரக்காரம்மாக்கு?"

"அடுத்த நாள் தெரியும்."

"சர்வேயர வைதேனே, அப்ப என்ன நெனச்ச?"

"வாசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"ம்" என்பாள். அடுத்த துணியை எடுப்பாள்.

என்னிடம் மட்டும் இல்லை. மாவு மில்லுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். எதிர்வீட்டில் கேட்டாள். பெரியப்பாவிடம் கேட்டபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நாட்களை அவள் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. முதல் முறை படிக்கும்போது கண்ணில் படாத இடங்களை எல்லாம் இப்போது விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா அரைத்த மாவுக்கு இப்போது பொருள் இருந்தது. விடாமல் பிடித்த கைக்குப் பொருள் இருந்தது. ராணி மாதிரி இருந்ததற்கும் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன். நீங்க எல்லாரும் ஒரே நாள்ல அவியளப் பறிகுடுத்தீங்க. எனக்கு மட்டும் கொஞ்ச நாள் கூட இருந்தாவ. என்கிட்ட மட்டும் உசுரோட இருந்தாவ. அதுக்கு ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

எட்டித் தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டாள்.

"ஆனா அந்தச் சந்தோசத்த நான் தனியா வச்சுக்க முடியலட்டி. எத நெனச்சாலும் அதுல நீங்க எல்லாம் நின்னு என்னயப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. நான் சிரிக்கேன், நீங்க பாக்குதீங்க. அவியகிட்டப் பேசுதேன், நீ எந்திரிச்சுப் போற. நான் இருந்து வாழ்ந்தேன். நீங்க என்னய வாசிச்சீங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில சட்னிக்குச் சண்ட போட்டோமே, ஞாபகம் இருக்கா? தேங்காயா தக்காளியான்னு. அப்ப அவிய போயாச்சு. ஆனா போன் வரல. ஒனக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. அந்த நேரம் மட்டுந்தான் நீ எங்கூட இருந்த."

"ஆமா."

"அப்ப நம்மளயெல்லாம் யாரு பாத்துக்கிட்டு இருந்தா?"

இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது வரும். சாப்பிடும்போது வரும். தன் மகளின் படிப்பு பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருக்கிற சக ஆசிரியையைப் பார்த்துத் தலையாட்டும்போது வரும். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று எங்கோ ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது, ஒரு போன் மட்டும்தான் இன்னும் அடிக்கவில்லை என்று கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் சுவர்தான் இருக்கும். கல்லூரி வாசலில் வாட்ச்மேன் என் பக்கமாக நடந்து வந்தால் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அவள் புத்தகம் படிப்பதை விடவில்லை. எந்தக் கதையானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுகிறாள். கதையோடு பேசுவதில்லை. பிள்ளைக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அப்பா இல்லை என்பதைப் படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டாள். அம்மா தடுத்துப் பார்த்தாள். மதினி கேட்கவில்லை. பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

போன ஆண்டு பொங்கலுக்கு முந்தைய நாள். தெருக் கோடி வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய மூத்த மகள் சென்னையில் வேலை பார்த்தவள். பொங்கலுக்கு ஊருக்கு வரும் வழியில் நான்குவழிச் சாலையில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனாள். உடல் வழியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது. அக்காவுக்குச் சர்க்கரை, இதயமும் பலவீனம். அடிபட்டிருக்கிறது, பிழைத்துக்கொள்வாள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, "அங்க போனா யாரும் வாயத் தொறந்துராதீங்க. எல்லாரும் வந்த பெறகு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்" என்றார். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. சொல்லும்போதே மதினியின் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

மதினி கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து கரும்பின் தோகையைக் கழித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள், எல்லார் முகமும் தரையில். எனக்கு அந்த முகங்கள் நன்றாகத் தெரியும். "வா, வா. மூத்தவளுக்குக் கையில அடியாம். கரும்பு கடிக்க முடியாது, துண்டு போட்டு வைக்கேன்" என்றார் அக்கா. மதினி அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அரிவாளை மெதுவாக வாங்கித் தள்ளி வைத்தாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னயப் பாருங்க. மூத்தவ போயிட்டாக்கா. காலையிலயே போயிட்டா. இங்க இருக்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் சொல்லல."

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. சொந்தக்காரர்கள் மதினியைப் பிடித்து இழுத்தார்கள். "நீயெல்லாம் பொம்பளையா" என்று ஒருத்தி கேட்டாள். மதினி கையை விடவில்லை. அக்கா மயங்கிச் சரிந்தபோது மடியில் ஏந்திக்கொண்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனாள். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிழைத்துக்கொண்டார். ஆகியிருந்தால் என்ன செய்திருப்போம்? அவளிடம் அதைக் கேட்டேன்.

"செத்திருந்தா, தெரிஞ்சு செத்திருப்பாவ" என்றாள். விரலில் ஒட்டிக் காய்ந்திருந்த கோலமாவைச் சுரண்டத் தொடங்கினாள்.

அந்த அக்கா பிறகு மதினியிடம் பேசவில்லை. தனக்கு மகள் உயிரோடு இருந்த கடைசிச் சில மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டாள் என்று தெருவில் சொன்னாராம். மதினியைக் கண்டால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். யார் சரி என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளி வேன் அந்தக் கோடி வீட்டைத் தாண்டித் தெரு முக்கில் வந்து நிற்கும். தினமும் காலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மதினி அந்த வீட்டைக் கடந்துதான் போகிறாள். கதவு சாத்துகிற சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். பின்பக்கச் சந்து வழியாகவும் முக்குக்குப் போகலாம், கொஞ்சம்தான் சுற்று. அவள் அதில் போவதில்லை.